எட்டாவது கல்

காவல் நிலையம்
ஜூன் 3

அன்புள்ள சர்வேயர் ஐயாவுக்கு,

உங்களைக் கைது செய்த ஏட்டு எழுதுவது. இங்கு நலம், அங்கு நலமா? மூன்று பேரைக் கொன்றவரிடம் நலம் விசாரிப்பதா என்று பேனாவை மூடிவைத்தேன். முப்பது வருஷமாக எல்லாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறேன், உங்களுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை என்று மறுபடி திறந்தேன்.

இங்கே எல்லாம் பழையபடிதான். ஜீப் தள்ளினால்தான் கிளம்பும். நீங்கள் உட்கார்ந்து புகார் எழுதிய மேஜைக்கு இன்னும் ஒரு கால் ஆடுகிறது. அன்றைக்கு நீங்கள் வராமலிருந்தால் இன்றுவரை பிடித்திருக்க மாட்டோம். எல்லைக் கல்லை நகர்த்தினார்கள் என்று மூன்று பேரைத் தீர்த்து, கல் இருக்க வேண்டிய இடத்திலேயே புதைத்துவிட்டு, தினமும் ஒழுங்காக ஆபீஸ் போய்க்கொண்டிருந்தீர்கள். வாய்க்கால் உடைந்து இரண்டாவது ஆளின் உடல் வெளியே வந்தது. அது கிடந்த இடத்தைப் பத்திரிகையில் படம் போட்டார்கள். நீங்கள் நேராக ஸ்டேஷனுக்கு வந்து, "இந்த இடம் தப்பு. பதினோரு அடி மேற்கே இருக்கணும்" என்று எழுத்து மூலமாகவே புகார் கொடுத்தீர்கள். தண்ணீர் அதைப் பதினோரு அடி இழுத்து வந்தது புதைத்தவருக்கு மட்டும்தானே தெரியும்!

விஷயத்துக்கு வருகிறேன். பூட்டு ரிப்பேர்க்காரர். உங்கள் மூன்றாவது ஆள் காணாமல் போன அதே வாரம் இவரும் காணாமல் போனார். இரண்டு வருஷம் ஆகிறது. அவர் மனைவி, தையல்காரம்மா, திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனுக்கு வருவார். "ஏதாவது தெரிஞ்சுதா சார்?" என்பார். "இல்லம்மா" என்பேன். உடனே எழுந்து போக மாட்டார். பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, எங்களில் யார் சட்டையில் பட்டன் ஆடுகிறதோ அதைத் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவார். சும்மா வந்து தொந்தரவு பண்ணுகிறாள் என்று நாங்கள் நினைத்துவிடக் கூடாதாம். அதைக் கேட்டதிலிருந்து திங்கட்கிழமை என்றாலே வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச்சில் எனக்கு ஓய்வு. அதற்குள் அந்த அம்மாவுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஏட்டு


மத்திய சிறை
ஜூன் 14

மரியாதைக்குரிய ஏட்டையாவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. உங்கள் வரிகள் வலப்பக்கமாக மேலே ஏறுகின்றன. நான்கு டிகிரி இருக்கும். தயவுசெய்து கோடு போட்ட தாள் வாங்குங்கள்.

இங்கே சாப்பாடு பரவாயில்லை. கட்டடம்தான் மோசம். என் அறையின் நான்கு மூலைகளில் ஒன்றுகூடச் செங்கோணம் இல்லை. இதில் மனுஷன் எப்படித் தூங்குவது? மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் மேஜை சுவருக்கு இணையாக இல்லை என்றேன். அதையும் குறித்துக்கொண்டார், மேஜையை நகர்த்தவில்லை.

பூட்டுக்காரர் என் வேலை இல்லை. ஒரு சாண் நிலம்கூட இல்லாத ஆள் எந்தக் கல்லை நகர்த்தியிருப்பார்? காரணமில்லாமல் கை வைக்கிறவன் என்று என்னை நினைத்துவிட்டீர்களே, மனசு கஷ்டமாக இருக்கிறது. வேறு எங்காவது தேடுங்கள்.

ஒன்று சொல்லி வைக்கிறேன். ஒரு தடவை படத்தைத் திருத்த வந்து மாட்டிக்கொண்டேன். இனி உலகத்தில் யார் எதைத் தப்பாக வரைந்தாலும் நான் வாயைத் திறப்பதாக இல்லை.

இப்படிக்கு,
சர்வேயர் (பணியில் இல்லை)


காவல் நிலையம்
ஜூலை 2

அன்புள்ள சர்வேயர் ஐயாவுக்கு,

கோடு போட்ட தாள் வாங்கிவிட்டேன், பாருங்கள். மனசைக் கஷ்டப்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். ஆனாலும் தையல்காரம்மா நேற்றும் வந்தார். மூன்று பட்டன்.

இங்கே புதுத் தலைவலி. மேலிடத்தில் நீங்கள் புதைத்த மூன்று இடங்களையும் ஒரே படத்தில் காட்டச் சொல்கிறார்கள். உங்கள் நாற்காலிக்கு இன்னும் ஆள் வரவில்லை. வந்தவர்கள் இரண்டு பேர் கதையைக் கேட்டுவிட்டு லீவில் போய்விட்டார்கள். வேலை என் தலையில் விழுந்தது. ஸ்டேஷனில் அளக்கிற டேப் கிடையாது. கடைசியில் தையல் டேப் ஒன்றை இரவல் வாங்கி, ஐந்தைந்து அடியாக, இரண்டு நாள் குனிந்து குனிந்து வாய்க்கால் கரை முழுக்க அளந்தோம். நடுவில் எத்தனையாவது தடவை என்று மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தோம். என் இடுப்பு போனது போனதுதான்.

கிழக்கு எல்லையில் கற்கள் ஏழு. ஆபீஸ் அளவுப் புத்தகத்திலும் ஏழுதான், நாங்கள் பார்த்ததும் ஏழுதான். அதில் மட்டும் சந்தேகமில்லை.

முதல் முறையாகப் படம் வரைந்த பெருமையில் இத்துடன் ஒரு நகல் வைத்திருக்கிறேன். என் மனைவி பார்த்துவிட்டு, "கோழி ரொம்ப நல்லா வந்திருக்குங்க" என்றாள். அது பம்ப் ஹவுஸ்.

இப்படிக்கு,
உங்கள் ஏட்டு


மத்திய சிறை
ஜூலை 11

ஏட்டையா,

தையல் டேப்பா? இழுத்தால் நீளுகிற சமாச்சாரத்தை வைத்துப் பூமியை அளப்பதா? உங்களுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. என்ன உடம்புக்கு என்று வார்டர் கேட்டார். படத்தைக் காட்டினேன். "கோழி நல்லாத்தானே இருக்கு" என்கிறார். இவர்கள் மத்தியில்தான் நான் ஆயுளைக் கழிக்க வேண்டும்.

வடக்கு எங்கே? அம்புக்குறி போட மறந்தீர்களா, வடக்கே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்களா? உங்கள் வாய்க்கால் மேட்டில் ஏறிப் போகிறது. மூன்றாவது இடம் நடுரோட்டில் இருக்கிறது. அவரை நான் ரோட்டிலா புதைத்தேன்?

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னது உண்மைதான். ஆனால் இந்தப் படம் அரசாங்கக் கோப்பில் போய்ச் சேரும். நூறு வருஷம் கழித்து ஒருவன் அதை எடுத்துப் பார்ப்பான். அதனால் புதிதாக வரைந்து இணைத்திருக்கிறேன். காம்பஸ் தர மாட்டார்கள், தட்டின் விளிம்பை வைத்து வளைவு போட்டேன். அப்படியும் உங்களுடையதைவிட ஆயிரம் மடங்கு தேவலை.

எல்லாவற்றுக்கும் மேல், சந்தேகமில்லை என்று எழுதினீர்களே, அதுதான் பெரிய கூத்து. கிழக்கு எல்லையில் கற்கள் எட்டு. பம்ப் ஹவுஸுக்குப் பின்னால், அதன் வடமேற்கு மூலையிலிருந்து பத்தொன்பது அடியில் எட்டாவது கல் இருக்கிறது. முள்ளுக்குப் பயந்து உள்ளே போகாமல் திரும்பிவிட்டீர்களாக்கும். இருக்கிற கல்லை இல்லை என்று காட்டுவது, கல்லை நகர்த்துவதைவிட மோசம்.

இப்படிக்கு,
சர்வேயர்


மத்திய சிறை
ஜூலை 24

அன்புள்ள ஏட்டையாவுக்கு,

வணக்கம். தங்கள் பதில் வராததால் கவலையாக இருக்கிறது. உடம்பு சௌக்கியமா? இடுப்பு எப்படி இருக்கிறது? வீட்டம்மா நலமா?

எட்டாவது கல் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது என் தவறு. வயதாகிறது, நினைவு பிசகுகிறது. ஏழுதான். புத்தகத்தில் இருப்பதுதான் சரி. அந்த முள்ளுக்குள் போக வேண்டாம். பாம்பு அதிகம். தங்கள் இடுப்பை நினைத்துத்தான் சொல்கிறேன்.

தையல் டேப் பற்றிக் கடுமையாக எழுதிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் டேப்தானே. தங்கள் பம்ப் ஹவுஸும் பார்க்கப் பார்க்க நன்றாகவே இருக்கிறது. பதில் போடுங்கள்.

என்றும் தங்கள் நலம் நாடும்,
சர்வேயர்


காவல் நிலையம்
ஆகஸ்ட் 5

சர்வேயருக்கு,

அந்த டேப் யாருடையது என்று நீங்கள் கேட்கவில்லை. தையல்காரம்மாவுடையது. இரண்டு நாளும் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தவரும் அவர்தான். எண்ணிக்கையை மறந்தது நான். அவர் மறக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய படம் வந்த அன்று திங்கட்கிழமை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உங்கள் கோடுகளின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், புத்தகத்துல ஏழு, நாம பார்த்தது ஏழு. இவர் எட்டுன்றார். அப்ப அந்த ஒண்ணை யாரு நட்டாங்க?" என்றார். கையிலிருந்த ஊசியை மட்டும் கீழே வைக்கவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். "ஜெயில்ல இருக்கிறவன் தப்பா எண்ணினதுக்கெல்லாம் முள்ளு வெட்ட ஆள் அனுப்பறதா? போய்யா" என்று விரட்டினார். நான் பத்து நாள் அவர் பின்னாலேயே அலைந்தேன். அப்போதுதான் உங்கள் அடுத்த கடிதம் வந்தது. அவர் இரண்டு தடவை படித்தார். "பதினோரு அடிக்காக ஆயுள் தண்டனை வாங்கின ஆளு, தப்பா எண்ணிட்டேன்னு எழுதறானா?" என்று கேட்டுவிட்டுத் தொப்பியைத் தேடினார். அன்றைக்கு ஜீப்பை அவரும் சேர்ந்து தள்ளினார்.

பத்தொன்பது அடி. ஓர் அங்குலம்கூடப் பிசகவில்லை.

பம்ப் ஹவுஸ் பூட்டைச் சரிசெய்யப் போன மனுஷன் உங்களைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. அவர் எந்தக் கல்லையும் நகர்த்தவில்லை என்று உங்களுக்கே உறுத்தியிருக்கிறது. அதனால்தான் வெறும் மண்ணில் விட மனசு வராமல் அளந்து ஒரு கல்லை நட்டீர்கள். பிறகு அதை நிஜக் கல் என்றே நம்பிவிட்டீர்கள். இல்லை, தெரிந்தேதான் எழுதினீர்களா? நான் கேட்கப் போவதில்லை. இத்தனை நாள் உங்கள் கடிதங்களைப் படித்து வீட்டில் சிரித்திருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

சட்டை மக்கிப்போயிருந்தது. பட்டன்கள் மட்டும் விடவில்லை. நூலைப் பார்த்தவுடன், "என் தையல் சார்" என்றார் அந்த அம்மா. வேறு அடையாளம் நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஊசி நூலை எடுத்தார். என் சட்டையைப் பார்த்து, "மூணாவது ஆடுது சார். கழட்டிக் கொடுங்க" என்றார். கொடுத்தேன். பனியனோடு உட்கார்ந்து அழுதேன். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் உள்ளே போனார்.

புதிய வழக்கின் தாள்கள் உங்களுக்கு முறைப்படி வந்துசேரும். இனி நான் எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

அந்தக் கல்லைப் பிடுங்கிவிட்டோம். கிழக்கு எல்லையில் இப்போது ஏழுதான். உங்கள் படத்தையே கோப்பில் வைத்திருக்கிறேன். எட்டாவதை மட்டும் நானே கையால் கோடு போட்டு அடித்தேன். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் வந்திருக்கிறது.

ஏட்டு