பால் டின் பாய்லர்

சபாக்,
9.10.1984

அன்புள்ள தெய்வானைக்கு,

நீயும் அத்தையும் சுகம்தானே? உன் இருமல் விட்டதா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

வேறு ஆள் வந்தால்தான் என்னை விடமுடியும் என்று மேனேஜர் ஒப்பந்தத்தைக் காட்டினாரல்லவா? போன வாரம் ஒருவழியாகக் கலும்பாங்கிலிருந்து ஆரோக்கியம் என்பவர் வந்தார். ஆலை பாய்லரை அவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வரலாம் என்று பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில், பொழுதுபோக்குக்காக நான் செய்த குட்டி நீராவி எஞ்சினை அவருக்கு ஓட்டிக் காட்டினேன். பால் டின்தான் அதற்குப் பாய்லர். சக்கரம் அழகாகச் சுற்றியது. பேச்சு சுவாரசியத்தில் தண்ணீர் வற்றியதை நான் கவனிக்கவில்லை. பற்றவைத்த ஈயம் உருகி, குழாய் பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. என் கையில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான்.

"பால் டின்னுக்கே தண்ணி பாக்கத் தெரியல. இவரு பாத்த பெரிய பாய்லர்கிட்ட நான் எப்படி நிக்கிறது? வேணாம்லா!" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, ஆரோக்கியம் மறுநாள் காலை பஸ்ஸிலேயே போய்விட்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை.

"லைசென்ஸ் உள்ள ஆளு இனிமே எப்ப கிடைக்குமோ! அதுவரைக்கும் நீதான்," என்றார்.

வீட்டில் ஓட்டைப் பித்தளைச் செம்பு இருந்தால் எறியாமல் அனுப்பு. இந்த முறை பித்தளையில் செய்து பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு என்ன செய்வது?

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடவேண்டும். தீபாவளிக்கு எனக்கு எடுத்த சட்டையைத் தபாலில் அனுப்பிவிடு.

உன்
வீரமலை