மழைக்கு முன் திறந்த வால்வு

மார்ச் 20, வியாழன்
காலையிலிருந்து புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. செம்பனை எண்ணெய் ஆலையில் கழிவுநீர்க் குளம் விளிம்பு வரை. சூப்பர்வைசர் சேகர் அண்ணன் வந்து, "மணி, சாயங்காலம் மழ கன்ஃபர்மா வரும்லா. வால்வத் தொறந்து வுடு. தண்ணியோட தண்ணியா போயிரும்" என்றார். மழை பெய்யும்போது ஆற்றில் திறந்துவிடுவதுதான் எங்கள் ஆலை வழக்கம். இன்று பெய்யுமுன்பே திறந்தேன். ஞாயிறு ஆற்றங்கரைக் கோயிலில் பால்குடம், ஆற்றில் முங்கித்தான் எடுப்பார்கள், என் மனைவி சாந்தியும் எடுக்கிறாள். மறக்கவில்லை. அதற்குள் கழுவிக்கொண்டு போய்விடும் என்று ஒரு நினைப்பு.

வாங்க வேண்டியது: மஞ்சள் துணி, கற்பூரம், பால், மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்.

மார்ச் 22, சனி
ஒரு சொட்டு மழை இல்லை. எங்கள் ஊர் மூடா ஆற்றில் ஓட்டமே இல்லை. தண்ணீர் கோப்பி நிறம், புளித்த நாற்றம். சாந்தி மூன்று வாரமாக விரதம். மகளின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு நேர்த்தி. வீட்டிலேயே குளித்துவிட்டுப் போயேன் என்றேன்.

"ஆத்துல முங்காம பால்குடமா? நல்லா இருக்கே நீங்க பேசறது!"

மஞ்சள் துணியை மடித்துக் கொடுத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு
வெயில். கரையில் கூட்டம். "மேல தோட்டத்துல எவனோ மருந்து கழுவி வுட்டிருக்கான், நாசமாப் போறவன்" என்றார் பூசாரி. நானும் தலையாட்டினேன். தூ! சாந்தி மூன்று முறை முங்கினாள். திருவிழா அமோகமாம், எல்லோரும் சொன்னார்கள்.

மார்ச் 25, செவ்வாய்
சாந்திக்குக் கழுத்து, கை எல்லாம் தடிப்பு. சொறிந்து சொறிந்து ரத்தம். கிளினிக்கில் களிம்பு. அவள் கவலை வேறு.

"உங்களுக்கு நெத்திலி சம்பல் கிண்டறப்ப மறந்துபோய் உப்புப் பாத்துட்டேன்லா. விரதத்துல வாயில வெச்சது தப்பு. ஆத்தா காட்டிட்டா."

வெள்ளியிலிருந்து மறுபடி விரதமாம், மறுபடி ஆற்றில் முழுக்காம். அழுதாள். அடப் பாவி மணி, நீ மனுஷனா?

மார்ச் 26, புதன்
இன்று கொட்டுகிறது, சனியன் பிடித்த மழை. வயிற்றுவலி என்று லீவு. கோழிக்குத் தீவனம் போட்டேன். பிறகு சாந்தியிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை, வால்வு, எல்லாம். கத்துவாள் என்று இருந்தேன். கத்தவில்லை. களிம்பைத் தடவி முடித்தாள். ஒன்றுதான் கேட்டாள்.

"நான் முங்கறப்ப நீங்க கரையிலதான நின்னீங்க?"

நின்றேன்.