கடைசித் திரை வரை

ஆகஸ்ட் 4, திங்கள்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு ஏமாற்றியது. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

நிதிக் கல்வி வகுப்பில் புது வேலை. மிஸ்ஸுக்குப் புத்தகம் என்றாலே அலர்ஜி. "கையால செஞ்சாத்தான் மண்டையில ஏறும்" என்பார். போன மாதம் வகுப்பிலேயே ஏலச்சீட்டு ஆரம்பித்துவிட்டார்: இருபது பேர், வாரம் இருநூறு, நிஜப் பணம். இப்போது கடன் வாங்க மூன்று வழிகளை ஒப்பிட வேண்டுமாம். வங்கி, அடகுக்கடை, போனில் வரும் கடன் ஆப். ஆப்பில் கடைசித் திரை வரை போகலாம். கடைசி பட்டனை மட்டும் தொடக்கூடாது.

என் ஜோடி கௌசல்யா. வேப்பம்பட்டிலிருந்து வருகிறவள். என் போனை அப்பா தினமும் நோண்டுவார், அதனால் அவள் போன். ஆவடி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து முடித்தோம். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி? அனுமதி. படங்கள்? அனுமதி. பான் கார்டு, வங்கிக் கணக்கு எண். முகத்தைக் காட்டு என்றது. "சிரிடி" என்று நான்தான் எடுத்தேன். ஓரத்தில் என் கட்டைவிரலும் விழுந்துவிட்டது, பரவாயில்லை, ஏற்றுக்கொண்டது.

பட்டனைத் தொடவில்லை. நிச்சயமாகத் தொடவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

குவார்ட்டர்ஸில் தண்ணீர் இல்லை. பக்கத்து பிளாக்கிலிருந்து இரண்டு குடம். தோள்பட்டை வலி.

சீட்டு ஏலம். வித்யா இருநூறு தள்ளினாள். வேறு யாரோ முந்நூறு. கௌ. எழுந்து "ஆயிரத்து அறுநூறு" என்றாள். நாலாயிரத்தில் ஆயிரத்து அறுநூறை விட்டுக்கொடுத்து மிச்சத்தை வாங்கிக்கொண்டாள். விட்ட பணம் எல்லாருக்கும் கசராகப் பிரிந்தது, ஆளுக்கு எண்பது. வகுப்பே கை தட்டியது. நானும்தான்.

மிஸ்: "பாத்தீங்களா? அவசரம் இருக்கறவங்க தள்ளுவாங்க. பொறுமை இருக்கறவங்க சம்பாதிப்பாங்க." எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். நல்ல மிஸ்தான்.

எண்பதில் இரண்டு பப்ஸ், ஒரு ரோஸ்மில்க். கௌ.வைக் கூப்பிட்டேன், வரவில்லை. பெஞ்சில் குப்புற வைத்த அவள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பணம் வந்த திமிர் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் கௌ.: "உன் நம்பர என் போன்லேர்ந்து தூக்கிட்டேன்டி. கோச்சுக்காத."

கோபம்தான். அம்பத்தூரிலிருந்து அண்ணனூர் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவளே சொன்னாள்.

"அந்த ஆப்ப நோண்டுன அன்னிக்கு சாயந்தரமே அக்கவுண்டுல ஆயிரத்து எட்நூறு வந்து வுழுந்துச்சு. நான் கேக்கவே இல்ல. ஆறு நாள்ல மூவாயிரமா கட்டுன்றான். அதுக்குத்தான் சீட்ட எடுத்தேன். கட்டிட்டேன். இப்போ மறுபடியும் பணத்தப் போட்டுக்கினு, ஆறாயிரம் கேக்குறான். உனக்கும் போன் பண்ணிடுவான்னுதான் உன் நம்பரத் தூக்குனேன்."

கேட்காத பணம் கடனே ஆகாது, ஒப்பந்தம் செல்லாது, பாடத்திலேயே இருக்கிறது என்று விளக்கினேன்.

"பாடத்துல கீறத அவன்கிட்ட யாரு போய் சொல்றது?"

மிஸ்ஸிடம் சொல்லலாம், போலீஸுக்குப் போகலாம் என்றேன். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வாணாம்டி. கட்டலன்னா நைனா போனுக்கு அனுப்பிடுவேன்றான். தெரிஞ்சா நைனா காலேஜ நிறுத்திடும்." அவள் அப்பா செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவர். அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எதை அனுப்புவான் என்று கேட்கத் தோன்றவில்லை.

எண்பது ரூபாய் நினைவுக்கு வந்தது. பப்ஸ்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வாங்க: ஏ4 தாள். அம்மாவுக்குத் தைலம். ரீசார்ஜ்.

அறிக்கை கொடுத்தாயிற்று. கடைசித் திரையின் படம்தான் அட்டை. கீழே எங்கள் இருவர் பெயர். மிஸ் "பிரமாதம்" என்றார், அடுத்த வகுப்புக்கும் காட்டுவாராம். கௌ. தலையைத் தூக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மத்தியானம் தெரியாத எண். ஆண் குரல், இந்தி. என் பெயரைச் சரியாகச் சொன்னான். அப்புறம் அவள் பெயரை. வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை, ஏற்கெனவே பாதியாகிவிட்டாள்.

பயமாக இருக்கிறது. சத்தியத்தை மீறி மிஸ்ஸிடம் சொல்லிவிடலாமா? வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வண்டியில் எழுதுகிறேன்.

காலையில் கௌ. வரவில்லை. ஏலம் முடிந்ததும் மிஸ்ஸிடம் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். வித்யா ஐந்நூறு என்றாள். அப்போது அவள் போன் அதிர்ந்தது. அடுத்து பின் பெஞ்சில் ஒன்று. அப்புறம் வரிசையாக.

கௌ. சிரிக்கிற படம். குறுக்கே சிவப்பில் 'திருடி'. ஓரத்தில் என் கட்டைவிரல்.

"ஐயோ, நம்ம கௌசல்யாடி இது!" யாரோ சிரித்தார்கள். மிஸ்ஸின் போனும் அதிர்ந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மேசையில் இருந்த எங்கள் அறிக்கையைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கௌ. போன் ஸ்விட்ச் ஆஃப். வித்யாவிடம் எண் வாங்கி கௌ.வின் நைனாவைக் கூப்பிட்டேன்.

"இன்னாம்மா இது, எதோ போட்டோ வந்துகீது... அது காலைலயே காலேஜுக்குன்னு கெளம்பிட்சேம்மா. அங்க இல்லியா?"

வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

திருநின்றவூர் தாண்டிவிட்டது. அடுத்தது வேப்பம்பட்டு. அவளைப் பார்த்ததும் என்ன சொல்வது? முதலில் மன்னிப்பு. பிறகு அவள் நைனா, மிஸ், போலீஸ், எல்லாரிடமும் நானே பேசுகிறேன் என்று.

வண்டி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் காலி மனைகள். வாசலில் நிற்பவர்கள் முன்னால் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். எதிர் சீட்டு அம்மா, "சிக்னல் வுழலம்மா, அவ்ளோதான்" என்கிறார்.

சிக்னல்தான். சிக்னலாகத்தான் இருக்க வேண்டும்.