போன நேரம்

12-6-2011, ஞாயிறு. விழுப்புரம்.

இன்று திண்டிவனம் போய்ச் செல்வியைப் பார்த்தேன். பதினெட்டு வயது முடிந்து எங்கள் பெண் குழந்தைகள் இல்லத்தை விட்டு அவள் போய் நாற்பது நாள் ஆகிறது. தையல் கம்பெனியில் வேலை, தனி அறை. அந்தத் தனி அறையை நினைத்தே எனக்கு நாற்பது நாளாகச் சரியான தூக்கமில்லை.

கதவைத் தட்டினேன். பாதிதான் திறந்தாள். ஒரு நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். பெயர், என்ன உறவு, வந்த நேரம், போன நேரம். இல்லத்து வாசலில் நான் வைத்திருக்கும் அதே கட்டங்கள். வெயிலில் வந்தவளுக்குச் சுருக்கென்றது.

"என்னாடி இது, எனக்குமா?"

"நீங்கதானே மேடம் சொல்லிக்கினே இருப்பீங்க, கலெக்டரே வந்தாலும் கையெழுத்து போட்டுட்டுதான் உள்ள வரணும்னு."

உறவுக் கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, 'வார்டன்' என்றே எழுதினேன். என் வரிக்கு மேலே பார்த்தால், வீட்டுக்காரம்மா நான்கு தடவை வந்திருக்கிறார். அவருடைய தம்பியாம், ஒரே தடவை. பெயர் மட்டும் இருக்கிறது, உறவுக் கட்டம் காலி.

"சும்மா சும்மா வந்து வாசல்ல நின்னுக்கினு இருந்தாரு மேடம். நோட்டை நீட்டினேன். பேரை எழுதினாரு, அடுத்த கட்டத்தைப் பார்த்தாரு, போய்ட்டாரு. அப்பறம் வர்றதே இல்ல."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மல்லாட்டை வேகவைத்துக் கொடுத்தாள். கடலையை உரித்தபடி பேசியதில் நேரம் போனது தெரியாமல், கடைசியில் பஸ்ஸுக்கு ஓடினேன்.

கூட்டேரிப்பட்டு தாண்டும்போதுதான் உறைத்தது. போன நேரத்தை நான் எழுதவில்லை. எங்கள் விதிப்படி, அதை எழுதாதவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

இருக்கட்டும்.