டி.வி. போட்டால் மறையும் குழந்தைகள்

அக்டோபர் 7, செவ்வாய்

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். தெரிந்தால் அம்மா என் தோலை உரித்துவிடுவாள்.

அம்மா குழந்தைகளைப் படம் எடுப்பவள். எடுத்ததெல்லாம் அலமாரிமேல் இருக்கும் சேமிப்புப் பெட்டியில் இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் அந்தப் பெட்டிக்கு வேறு ஐ.பி. முகவரி, அதாவது வேறு எண், கொடுத்துவிடும். அம்மாவின் கம்ப்யூட்டரோ பழைய முகவரியிலேயே போய்த் தேடும். உடனே, "ஏய், பெட்டியக் காணோம்டி!" புது எண்ணைப் பார்த்துச் சொல்வது என் வேலை. அதற்குமேல் பெட்டியில் கை வைத்தால் கை இருக்காது என்பது அம்மாவின் சட்டம்.

இன்று அவள் குளிக்கப் போனபோது கை வைத்தேன். பெட்டிக்கு மாறாத முகவரி ஒன்றைப் போட்டுவிட்டேன். கடைசி எண் 24. ஏன் 24? வகுப்பில் என் வரிசை எண் அதுதான். இனி பெட்டி எங்கேயும் போகாது.

அக்டோபர் 9, வியாழன்

பெட்டி போய்விட்டது.

அம்மா ஒரு மருத்துவமனைக்குக் காலண்டர் செய்கிறாள். மாதத்துக்கு ஒரு குழந்தை. அவளுக்கு வந்ததிலேயே பெரிய வேலை. அடுத்த வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். சாயங்காலம் மார்ச் மாதக் குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள் (கம்ப்யூட்டரில்தான்). மூக்கு, குழந்தை, எல்லாமே காணாமல் போயிற்று.

அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்து டி.வி. போட்ட நேரம்.

"நீங்க டி.வி. போட்டாலே என் படமெல்லாம் ஓடிடுது!"

"ஆமா, என் மூஞ்சியப் பார்த்துக் குழந்தைங்க பயந்திருக்கும்."

முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார். கொஞ்ச நேரத்தில் மூக்கு திரும்பி வந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

இன்றும். அப்பா டி.வி. போட்டார், குழந்தைகள் கிளம்பிவிட்டன.

அக்டோபர் 11, சனி

காரணம் புரிந்துவிட்டது.

ரவுட்டர் என்பது விடுதி வார்டன் மாதிரி. யார் வந்தாலும் காலியாக இருக்கும் கட்டிலின் எண்ணைக் கொடுப்பார். நான் வார்டனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியை 24-ஆம் கட்டிலில் படுக்க வைத்துவிட்டேன். அவர் கணக்கில் அது காலி. சாயங்காலம் வந்த டி.வி.க்கு அதையே கொடுத்துவிட்டார். ஒரே கட்டிலில் இரண்டு பேர். அம்மா கேட்கும் படத்தைக் கம்ப்யூட்டர் டி.வி.யிடம் போய்க் கேட்கிறது. அதற்கு என்ன தெரியும், பாவம்!

அதாவது அம்மா சொன்னதுதான் சரி. அப்பா பாட்டுக்குச் சிரிக்கிறார். நான் சாப்பிடுகிற மாதிரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிடலாமா? ம்ஹும். நாளைக்கு அம்மா குளிக்கப் போகும்போது நானே சரி பண்ணிடறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

அம்மா பெட்டிக்குக் காவல். குளிக்கவே போகவில்லை!

அக்டோபர் 13, திங்கள்

பள்ளி விட்டு வந்தால் அலமாரிமேல் சதுரமாகத் தூசி இல்லாத இடம் மட்டும். பெட்டி ரிப்பேர் கடையில்.

ராத்திரி கடைக்காரர் போன் செய்தார். ஸ்பீக்கரில் கேட்டது. "எங்க கடையில இது மூச்சே விடலம்மா. டிஸ்க் போயிருக்கும். எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்திப் பார்க்கறேன். காலையில கடை திறந்ததும் பண்ணிடவா?"

"படமெல்லாம்?"

"இனிமே எங்க கிடைக்கப் போகுது? திரும்ப எடுத்துக்கங்க."

"அதுங்கெல்லாம் இப்ப பல்லு முளைச்சு நடக்குதுங்க சார்!"

அம்மா போனை வைத்துவிட்டு, துடைத்த அடுப்பையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அப்பா இன்று டி.வி. போடவில்லை.

டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. எங்கள் வீட்டு ரவுட்டரின் எண்ணைப் பிடித்துக்கொண்டு வேறு ரவுட்டர் இருக்கும் அந்தக் கடையில் போய் உட்கார்ந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? சொன்னா நான் செத்தேன். சொல்லலேன்னா எல்லாக் குழந்தையும் போச்சு. ஜனவரிக் குழந்தைக்குக் கன்னத்தில் குழி விழும்.

தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

சொல்லிவிட்டேன். பல் தேய்க்கும்போது, வாய் நிறைய நுரையோடு. அப்படி இருந்தால் அடிக்க மாட்டாள் என்று ஒரு கணக்கு.

"துப்பிட்டுச் சொல்லு."

துப்பிவிட்டுச் சொன்னேன். கட்டில், வார்டன், எல்லாம். அம்மா முதலில் கடைக்குப் போன் போட்டு, "எதையும் தொடாதீங்க!" என்று கத்தினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்ப டி.வி.தானா?"

"டி.வி.யும்தான்மா..."

அவ்வளவுதான். தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை உலுக்கினாள். "எழுந்திருங்க! நான் சொன்னேன்ல? உங்க டி.வி.தான்!" அம்மா இவ்வளவு சந்தோஷமாக யாரையும் எழுப்பி நான் பார்த்ததில்லை.

என்னை மன்னித்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் பெட்டி வந்ததும் மவுஸ் என் கையில், என் காது அம்மா கையில். பெட்டியைப் பழையபடி ரவுட்டரிடமே எண் வாங்கச் சொல்லிவிட்டு, ரவுட்டரில் 'இந்த எண் இந்தப் பெட்டிக்கு மட்டும்' என்று பதிந்தேன். வார்டனிடம் முறையாகச் சொல்லியாகிவிட்டது.

"இப்பப் போடுங்க டி.வி.ய!"

அப்பா போட்டார். மார்ச் அசையவில்லை. காதை விட்டாள்.

அக்டோபர் 16, வியாழன்

அம்மா காலண்டரை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள். கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் பெட்டி உன் பொறுப்பு" என்றாள். நான் தொடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ரிமோட்டோடு வந்து கதவருகே நின்றார்.

"போடலாமாம்மா?"

யோசிக்கிற மாதிரி அவரைக் கொஞ்சம் நிற்க வைத்தேன். அப்புறம், "போடுங்கப்பா" என்றேன்.