இரண்டு மணி நேரம் கழித்து

நாள் 41, 07:10
நிலாவின் தென்துருவ நிலையம். எழுதுவது இசக்கியம்மாள், எடையும் சர்க்கரையும் அளக்கும் உடலளவைப் பணியாளர். உடன் இருப்பவர் தலைவர் ரெஜினால்டு சார் மட்டும். கொண்டுவந்த உணவு போதவேண்டும் என்பதற்காக, புறப்படும் முன்பே இருவருக்கும் இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்தார்கள்.
சாருக்குக் கொழுப்பு இரண்டு கிலோ குறைவு. தசை நான்கு கிலோ குறைவு. கரைய வேண்டியது கொழுப்பு. வெறும் வயிற்றில் சர்க்கரை 84.

நாள் 44, 10:30
சாப்பிட்ட அரை மணியில் சாருக்குச் சர்க்கரை 210. இரண்டு மணி நேரம் கழித்து 55. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பூமியிலிருந்து மருத்துவர்: "ஒரு பாட்டில் சர்க்கரை சிரப் குடுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?"
கொடுத்தேன். ஏறியது. மறுபடி இரண்டு மணி நேரம் கழித்து 49.

நாள் 46, 13:00
இன்று எனக்கே 58 ஆனது. ஒரு மூடி சிரப், உடனே வேர்க்கடலைப் பொடி. சர்க்கரை விழாமல் நின்றது. சுருக்கிய இரைப்பையில் சிரப் தங்காது; முழு பாட்டில் குடித்தால் இன்சுலின் பாய்ந்து, சர்க்கரை விழும் பள்ளம் இன்னும் ஆழமாகிறது.
மருத்துவரிடம் சொல்ல மூன்று முறை மைக்கை எடுத்தேன். எங்கள் வீட்டில் டாக்டர் முன்னால் யாரும் உட்கார்ந்ததுகூட இல்லை. வைத்துவிட்டேன்.

நாள் 47, 08:20
ஆண்டெனாவைப் பழுதுபார்க்க சார் வண்டியில் போகிறார். வேலை வண்டியின் இயந்திரக் கையால்; உள்ளே காற்று உண்டு, கவச உடை வேண்டாம். மிச்சமிருந்த இரண்டு பொடிப் பொட்டலங்களையும் அவர் பையில் போட்டேன். எதற்கென்று சொல்லக் கூச்சம்.

11:05
அவர் கையில் கட்டிய சர்க்கரைக் கருவி இங்கே திரையில் காட்டுவது 51. ரேடியோவில் சார்:
"ஒரு பாட்டில் சிரப்பையும் குடிச்சாச்சு. பையில பொடி வச்சிருக்க, இட்லி எங்க மக்களே?"
"சும்மா வச்சேன் சார்."

13:02
38. இப்போது சொன்னேன். "ஒரு மூடி சிரப் சார், உடனே அந்தப் பொடி. தயவுசெஞ்சு சார்."
"எந்தப் பொடி? யாரு பேசுறது?" நாக்கு குழறியது.

13:09
31. "ஒரே வேர்ப்பு. புழுங்குது. கதவைக் கொஞ்சம் தொறந்து விடுதேன், காத்து வரட்டும்."
கத்தினேன். வாழ்நாளில் முதல் முறையாக ஒருவரைப் பார்த்துக் கத்தினேன்.

13:10
வண்டியில் காற்றழுத்தம் பூஜ்யம்.

13:40
பூமி: "சிரப் குடுத்தீங்களா?"

15:35
மேசையில் காலி சிரப் பாட்டில். நான்தான் குடித்திருக்கிறேன். எப்போது என்று நினைவில்லை. என் சர்க்கரை 46. பொடி வண்டியில் இருக்கிறது.

15:50
இதை எடுப்பவருக்கு. முழு பாட்டில் வேண்டாம். ஒரு மூடி. பிறகு பொடி. டாக்டரிடம் சொல்லுங்கள், பயப்படாமல்.
39. சட்டை நனைந்துவிட்டது. இந்த அறைக்கு ஏன் சன்னல் வைக்கவில்லை? கதவு இருக்கிறது. பெரிய கதவு. கொஞ்சம் காற்று வந்தால் எழுதி முடித்து