மூன்றாம் ஞாயிறு நான் எழும்ப மாட்டேன்

என் செல்லத் தம்பி அன்ரனுக்கு,

உன் ஓராண்டு நினைவுப் பூசை இந்த ஞாயிற்றுக்கிழமை. நினைவுமலருக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லிக் கோயில் ஆட்கள் கேட்டார்கள். அன்பின் சிகரமே, பாசத்தின் உறைவிடமே என்று எழுதலாம். அப்படி எழுதிய மலர்கள் என் கடை மேசைக்கடியில் கட்டுக்கட்டாய்க் கிடக்கின்றன. எனக்கு வருவதோ கோபம். அதற்கு நாலு வரி காணாது.

அதே பூசையில்தான் உன் மகள் றெஜினாவின் கல்யாண அறிவித்தலைப் பங்குச் சுவாமி மூன்றாம் முறையாக வாசிக்கப் போகிறார். இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. "தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும்" என்று அவர் சொன்ன இரண்டு தடவையும் பாதிக் கோயில் திரும்பி என்னைத்தான் பார்த்தது. அன்ரனுடைய அக்கா எழும்புவாளா? உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை அவர்கள் எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறார்கள். இன்றைக்கு எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்து பத்து வருஷம் நீ கண் தெரியாத ஒரு சிஞ்ஞோராவை, வயதான இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொண்டாய். ஓய்வுபெற்ற ஆசிரியை. மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் அவவுக்கு நீ புத்தகம் வாசிக்க வேண்டும். அலமாரி நிறைய மத்திய காலத்துக் காதல் கதைகள். கோட்டைகள், குதிரை வீரர்கள், கூடாத ஆளைக் காதலித்ததற்காகச் செத்துப்போகிற பெண்கள். ஞாயிறு பூசை முடிய நீ சீசா என்கிற பகுதியில் இருக்கிற என் பலசரக்குக் கடைக்கு வந்து, அரிசி மூட்டையில் ஏறியிருந்து அதையெல்லாம் தமிழில் சொல்வாய். என்ன குரலடா உனக்கு! மிளகாய்த்தூள் வாங்க வந்த சனம் நின்று அழுதுவிட்டு, பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகும். உண்மையைச் சொன்னால், உன் கதைகள் என் வியாபாரத்துக்கு நல்லது. ஒருநாளும் நான் உன்னை நிறுத்தச் சொல்லவில்லை.

திரும்பத் திரும்பக் கேட்ட கதை ஒன்று. ஒரு பிரபுவின் மகளுக்கும் அவருடைய படகோட்டிக்கும் காதல். பிரபு படகோட்டியின் கையில் ஒரு கடிதம் கொடுத்துப் பக்கத்துத் தீவுக்கு அனுப்புகிறார். இதைக் கொண்டு வருகிறவனைக் கொன்றுவிடு என்று அதில் எழுதியிருக்கிறது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. செய்தி கேட்ட மகள் சாப்பிடாமல் கிடந்து சாகிறாள். பிறகு பிரபு கதறி அழுது, இருவருக்கும் ஒரே பளிங்குக் கல்லறை கட்டுகிறார். அந்த இடத்தில் நீ அரிசி மூட்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாய். "படகோட்டி எண்டால் என்ன, அவனும் மனுசன்தானே!" என்பாய். சனம் மூக்கைச் சிந்தும்.

அதே வாயால்தானே, அன்ரன், "அவங்கள் எங்கட ஆக்கள் இல்லை" என்றாய்?

உன் மகள் விரும்பிய டிலக்சன் மன்னார்ப் பிள்ளை. ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சமையல். எங்கள் கோயிலுக்குத்தான் வருகிறான். குடியில்லை, வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ, ஒழுங்காக இருக்கிறது. சரக்கைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி நானே அவனைப் புரட்டிப் பார்த்தேன்; குற்றம் அகப்படவில்லை. நீ விசாரித்தது ஒன்றே ஒன்று. "ஊரிலை தேப்பன் என்ன தொழில்?" மீன்பிடி என்றதும் கதவைச் சாத்தினாய். இங்கே நீ இன்னொருவரின் கழிவறை கழுவினாய். நான் கடை போடமுதல் பதினொரு வருஷம் மாடிப்படி துடைத்தேன். நாங்கள் யாருக்கு மேலே, தம்பி?

இரண்டு வருஷம் அந்தத் தாயில்லாப் பிள்ளை றெஜினாவோடு நீ ஒரு சொல் கதைக்கவில்லை. நீ நோயில் விழுந்தபிறகு ஆஸ்பத்திரிக்கு நாள்தோறும் வந்தாள். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அவள் வெளியே நின்று அழுதது உனக்குக் கேட்டதா?

அப்படி ஒருநாள் பின்னேரம் அவள் போனபிறகு என் கையைப் பிடித்தாய்.

"அக்கா, கோயிலிலை அவையின்ர பேர் வாசிக்கேக்கை நீ எழும்பு. அவனுக்கு ஊரிலை ஒருத்தி இருக்கிறாள் எண்டு சொல்லு. நீ சொன்னால் சனம் நம்பும்."

"பொய்யடா அது."

"ஓம், பொய்தான். எனக்காகச் சொல்லு."

நான் ஓமென்று தலையாட்டினேன். சாகக் கிடக்கிற தம்பியிடம் வேறென்ன சொல்வது? மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். இவ்வளவு கதை படித்த நீ, அந்தப் பிரபு கொடுத்த மாதிரி ஒரு கடிதத்தை என் கையில் தந்துவிட்டுப் போனாய். எனக்கு வாசிக்கத் தெரியும், அன்ரன்.

போன கிழமை, எங்கள் கோயிலுக்கு வருகிற செபமாலை அண்ணன் கடைக்கு வந்தார்.

"என்ன பிலோமினா, அன்ரன் உயிரோடை இருந்தால் இதுக்கு விட்டிருப்பானோ?"

"விட்டிருக்க மாட்டான் அண்ணை. அது அவன்ர பிழை."

"சனம் கதைக்குது, அதுதான் சொல்லுறன்."

"கையிலை கருவாடு வைச்சிருக்கிறீங்கள். பிடிச்சவன் ஆர் எண்டு கேட்டுத்தானோ வாங்குறனீங்கள்?"

மனுசன் கருவாட்டை ஒருக்கால் திருப்பிப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டுதான் போனார்.

உன் கதைகளில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. அந்தக் கோட்டைக்குள் சமையல்காரி இருந்திருப்பாள், பாதிரியார் இருந்திருப்பார், பிரபுவுக்கு ஒரு அக்காவும் இருந்திருப்பாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. செத்தபிறகு அழுகிற தகப்பனை மட்டும் கதை மன்னித்துவிடுகிறது. நானும் இரண்டு வருஷம் வாய் திறக்காமல் இருந்தேன். உன்னோடு கொழுவினால் நீ கடைக்கு வர மாட்டாய், நீ வராவிட்டால் சனமும் வராது என்று கணக்குப் போட்டேன். உன்மேல் உள்ள கோபத்தில் பாதி என்மேல்தான்.

கல்யாண அட்டை அடிக்கும்போது றெஜினா சொன்னாள், "அப்பாவின்ர பேரைப் போடுங்கோ மாமி."

"உன்ர முகத்தைப் பார்க்காமல் செத்தவன்ர பேரோ?"

"ஓம். என்ர அப்பாதானே."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டு, அவளுக்கு என்ன செய்தாய் நீ?

ஞாயிற்றுக்கிழமை கோயில் திரும்பிப் பார்க்கட்டும். நான் றெஜினாவுக்கும் டிலக்சனுக்கும் நடுவில் இருப்பேன். எழும்ப மாட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கை இத்தனை பேர் வாசிக்க இங்கேயே முறிக்கிறேன். அதற்குப் பதிலாக இன்னொரு வாக்குத் தருகிறேன்: கல்யாணத்தன்று பீடம்வரை உன் மகளின் கையைப் பிடித்து நடப்பேன். இரண்டு பேரும் உயிரோடு, சிரித்துக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டதைப் பார்த்தபிறகு உன் கல்லறைக்கு வருவேன். அதுவரை உனக்காக ஒரு செபமும் என் வாயில் வராது. அன்றைக்குச் சொல்லப் பார்க்கிறேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் ஒரே அக்கா
பிலோமினா